மாலை விழாவுக்குக் கோட்டும் பேண்டும்: வணிகர்கள் சிந்திக்க!



"ஆள் பாதி, ஆடை பாதி" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். கடையில் கல்லாப்பெட்டி முன் அமர்ந்திருக்கும்போது இந்தப் பழமொழி நமக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. சரக்கின் தரமும் எடையின் நேர்மையும் நாம் யார் என்பதைக் காட்டிவிடுகின்றன. ஆனால், மாலை 7 மணிக்கு நகரத்து ஓட்டல் ஒன்றின் ஏ.சி. ஹாலில் நடக்கும் விழாவுக்குப் போகும்போது கடையும் சரக்கும் நம்முடன் வருவதில்லை. அங்கே நம்மை முதலில் அறிமுகப்படுத்துவது நாம் உடுத்தியிருக்கும் உடுப்புதான்.

முன்பெல்லாம் இத்தகைய அழைப்பிதழ்கள் பெரிய ஏஜென்சிக்காரர்களுக்கு மட்டுமே வரும். இன்று அப்படி இல்லை. சோப்பு, பிஸ்கட், சமையல் எண்ணெய் கம்பெனிகள் நடத்தும் விநியோகஸ்தர் கூட்டம், வங்கிகளின் வாடிக்கையாளர் சந்திப்பு, வர்த்தக சபைகளின் ஆண்டு விருந்து என்று சிறு மளிகைக்கடைக்காரருக்கும் அழைப்பு வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நம் வீட்டுப் பிள்ளைகளின் திருமண வரவேற்பு இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மணமகன் கோட்டு சூட்டோடு மேடையில் நிற்பது சிறிய ஊர் மண்டபங்களிலும் வழக்கமாகிவிட்டது.

இந்தக் கோட்டு, பேண்ட் விஷயத்தில் நம்மவர்கள் பலர் பணத்தையும் செலவழித்து, மரியாதையும் கிடைக்காமல் திரும்புவதை நாம் தொடர்ந்து பார்த்து வருகிறோம். ஜவுளி மொத்த வணிகத்தில் 40 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறவர்கள் என்ற முறையில் இதுபற்றிச் சில கருத்துகளைச் சங்க உறுப்பினர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அரைப் பொருத்தமே ஆபத்து

பெரும்பாலும் நடப்பது இதுதான். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டு ஒன்று பீரோவில் தொங்குகிறது. கோட்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதனுடன் தைத்த பேண்டோ இடுப்பில் ஏறவில்லை, அல்லது முழங்காலில் தேய்ந்துவிட்டது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு கடைக்குப் போய் வேறொரு கறுப்புப் பேண்ட் வாங்கிவிடுகிறோம். கடை விளக்கில் இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றன. விழா ஹாலின் விளக்கில் கோட்டு நீலம் ஓடியும், பேண்ட் பழுப்பு ஓடியும் நிற்கின்றன. எதிரே வருகிறவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அவர் கண் ஒரு முறை மேலிருந்து கீழே இறங்கிவிட்டுப் போகும்.

மளிகை வணிகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு லாட் துவரம்பருப்பு, இரண்டும் நல்ல சரக்குதான். தனித்தனியாக வைத்தால் இரண்டுக்கும் நல்ல விலை. ஒன்றாகக் கலந்துவிட்டால் வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, கலப்பா?" என்று கேட்டுவிடுவார். இரண்டு லாட்டின் மதிப்பும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். கோட்டும் பேண்டும் அப்படித்தான்.

ஆகவே, முதல் விதியாக நாம் சொல்ல விரும்புவது இதுதான். மாலை விழாவுக்குப் போடும் கோட்டும் பேண்டும் ஒன்று, ஒரே துணியாக இருக்க வேண்டும். இல்லையேல், இரண்டும் வேறு வேறு என்பது ஹாலின் வாசலில் நிற்பவருக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

ஒரு விநியோகஸ்தர் கூட்டத்தில் நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம். 30 ஆண்டுகளாகக் கடை நடத்தும் ஒரு மளிகை வணிகர் வந்திருந்தார். காலாவதியான சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதைப் பற்றி அதிகாரிகளிடம் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அவர் புறப்பட்டு வந்தார். கோட்டு ஒரு நிறம், பேண்ட் அதற்குப் பக்கத்து நிறம். அவரை யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் அவராகவே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். கேள்வி கேட்கலாம் என்று மைக்கை நீட்டியபோதும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பலரைவிட அவருடைய மாத விற்பனை அதிகம். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலேயே ஊருக்குத் திரும்பினார். உடுப்பு என்பது பகட்டு விஷயம் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நிறம் ஏன் மாறித் தெரிகிறது?

கறுப்பு என்றால் ஒரே கறுப்பு என்று நினைக்கிறோம். ஜவுளியில் அப்படி ஒன்று கிடையாது. மில்லில் ஒரு முறை சாயம் போடுவது ஒரு லாட். அதே மில், அதே நம்பர் துணியானாலும் அடுத்த லாட்டில் நிறம் சற்றே மாறும். அதோடு கம்பளி இழை சாயத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, பாலியெஸ்டர் வாங்கிக்கொள்ளும் விதம் வேறு. இரண்டு துணிகள் வேறு வேறு சாயக் கலவையால் கறுப்பாக்கப்பட்டிருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் இரண்டாகத் தெரியும். பளபளப்பும் அப்படியே. மினுமினுக்கும் துணியும் மங்கலான துணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நிறம் ஒன்றாக இருந்தாலும் வேறாகவே காட்டும்.

மஞ்சளையும் மிளகாயையும் சாம்பிள் பார்க்கும்போது குடோனுக்குள் நின்று விலை பேச நாம் சம்மதிப்போமா? வெளிச்சத்துக்கு எடுத்து வந்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? துணியையும் அப்படியே கடை வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பிறகு உள்ளே மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பாருங்கள். மாலை விழாவுக்குத்தானே தைக்கிறோம்? இரண்டு இடத்திலும் நிறம் நிற்க வேண்டும். எந்த நல்ல ஜவுளிக்கடைக்காரரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

ஒரே தானில் வெட்டுங்கள்

சூட் தைப்பதானால் நாம் சொல்லும் யோசனை, துணியை ஒரே தானிலிருந்து, ஒரே நாளில் வெட்டி வாங்குங்கள் என்பதுதான். 58 அங்குல அகலத் துணியில் சராசரி உடம்புக்காரருக்கு கோட்டும் ஒரு பேண்டும் சேர்த்து ஏறத்தாழ 3 முதல் 3¼ மீட்டர் பிடிக்கும். அதனுடன் இன்னும் 1¼ மீட்டர் சேர்த்து வாங்கி, ஒரு கோட்டுக்கு இரண்டு பேண்ட் தைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, காரில் ஏறி இறங்கி, முதலில் தேய்வது பேண்ட்தான். கோட்டை ஹாலுக்குள் போனதும் போடுகிறோம், வெளியே வந்ததும் கழற்றி மாட்டுகிறோம். பேண்ட் போனால் கோட்டும் போயிற்று என்ற நிலை வராமல் இருக்க இந்த 1¼ மீட்டர்தான் காப்பீடு.

பேண்டின் இடுப்பில் உள்தையலுக்கு 2 அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதன் அவசியம் விளங்கும். அதே போல, சலவைக்குப் போடும்போது கோட்டையும் இரண்டு பேண்டையும் சேர்த்தே போடுங்கள். பேண்டை மட்டும் நாலு தடவை போட்டால் அது மட்டும் வெளுத்து, ஒரே தானில் வெட்டியதன் பயனே இல்லாமல் போய்விடும்.

துணி எது வாங்குவது என்று கேட்கலாம். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டுமே போடப்போகும் கோட்டுக்கு விலை உயர்ந்த முழுக் கம்பளித் துணி கட்டாயமில்லை. ராஜஸ்தானின் பில்வாராவிலிருந்து வரும் பாலியெஸ்டர்–விஸ்கோஸ் துணிகளிலும், டெரிவுல் எனப்படும் பாலியெஸ்டர்–கம்பளிக் கலப்பிலும் நல்ல ரகங்கள் உண்டு. மினுமினுப்பு இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும். "சூப்பர் 100", "சூப்பர் 120" என்று துணியின் ஓரத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டி விலை கூட்டுவார்கள். அந்த எண் கம்பளி இழையின் மென்மையை மட்டுமே குறிக்கும். சூப்பர் 100 என்றால் இழை 18.75 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது. 120 என்றால் 17.75 மைக்ரான். எண் கூடக் கூட இழை மெல்லியதாகும். மெல்லிய இழை சீக்கிரம் கசங்கவும் செய்யும். கம்பளியே இல்லாத துணியில் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது?

மாலையில் கருநிறக் கோட்டு என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். அந்நாட்டு இளவரசராக இருந்து பின்னர் 7-ஆம் எட்வர்டு மன்னரானவருக்கு, வீட்டில் சாவகாசமாக விருந்துண்ணும்போது போட்டுக்கொள்ள வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றை லண்டன் சாவில் ரோ வீதியிலுள்ள ஹென்றி பூல் தையலகம் 1865-இல் தைத்துக் கொடுத்ததாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. பின்னர் அமெரிக்காவில் நியூயார்க் அருகே டக்சீடோ பார்க் என்ற இடத்திலுள்ள கிளப்பின் பெயரால் அதற்கு "டக்சீடோ" என்ற பெயரும் வந்தது. அந்த உடுப்பிலும் கோட்டும் பேண்டும் ஒரே துணி என்பதுதான் விதி. கோட்டின் காலர் மடிப்பில் பட்டு வைத்தால், பேண்டின் வெளித்தையல் நெடுகிலும் அதே பட்டில் ஒரு பட்டை வைப்பார்கள். மேலே உள்ளதற்குக் கீழே பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

நம் பிள்ளைகள் வரவேற்புக்கு வாங்கும் பட்டு மடிப்புக் கோட்டைப் பாருங்கள். மேலே பளபளவென்று சாட்டின். கீழே ஏதோ ஒரு சாதாரணப் பேண்ட். பெயர் டக்சீடோ, உள்ளதோ அரைப் பொருத்தம். இதைவிடச் சாதாரணக் கருநீலச் சூட் எவ்வளவோ மேல். விளக்கொளியில் கருநீலம் கறுப்பைவிட ஆழமாகத் தெரியும் என்பதால் மேல்நாட்டாரே மாலை உடுப்புக்கு அதை விரும்பி ஏற்றார்கள். மலிவான கறுப்பு மஞ்சள் விளக்கில் பழுப்படித்துக் காட்டும். நல்ல கருநீலம் அப்படிக் காட்டாது. நம்மவர் மாநிறத்துக்கும் அது எடுப்பாக இருக்கும். வெள்ளைச் சட்டை, ஒரே நிறத்தில் ஒரு டை, கறுப்பு ஷூ, அதே கறுப்பில் பெல்ட். இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

வேறு வேறு துணியாகவே போட விரும்புகிறவர்கள் கருநீலக் கோட்டும் சாம்பல் நிறப் பேண்டும் போடலாம். விநியோகஸ்தர் கூட்டம், வங்கி விருந்து போன்றவற்றுக்கு அது போதும். திருமண மேடையில் நிற்கும் மணமகனுக்குப் போதாது. கோட்டு கருமையாகவும் பேண்ட் அதைவிட நன்றாக வெளிறியும் இருக்கட்டும். கோடு போட்ட சூட்டின் கோட்டை மட்டும் பிரித்தெடுத்து வேறு பேண்டோடு போடக் கூடாது. ஜோடி பிரிந்தது என்பதை அந்தக் கோடே காட்டிக் கொடுத்துவிடும். டை கட்டுவது தொல்லை என்பவர்களுக்கு ஜோத்பூரி என்ற மூடிய கழுத்துக் கோட்டு இருக்கிறது. நம் நாட்டிலேயே பிறந்த மாலை உடுப்பு. எந்தச் சபையிலும் மதிப்புடையது.

பணம் எங்கே போகிறது?

இப்போது வணிகக் கணக்குக்கு வருவோம். ஆயத்த ஆடையின் மீது 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. விகிதப்படி, உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். துணிக்கு 5 சதவீதமே. 10,000 ரூபாய் அடக்கமுள்ள ரெடிமேட் சூட் என்றால் வரி மட்டும் 1,800 ரூபாய். 4,000 ரூபாய்க்குத் துணி எடுத்தால் வரி 200 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள நம் ஊர்த் தையற்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. தையல்கூலியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் கணக்கு நம் பக்கம்தான் நிற்கும்.

இதற்கு மறுப்பும் உண்டு. கோட்டு வெட்டத் தெரிந்த மாஸ்டர்கள் குறைந்துவிட்டார்கள், சொன்ன தேதிக்குக் கொடுப்பதில்லை, ரெடிமேட் என்றால் போட்டுப் பார்த்து உடனே வாங்கிவிடலாம் என்று சொல்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வேலை கொடுக்காமல் வேலைக்காரர் எப்படி நிலைப்பார்? மூன்று வாரம் முன்னதாகத் துணியைக் கொடுங்கள். அவர் ஏற்கெனவே தைத்த கோட்டு ஒன்றைக் காட்டச் சொல்லித் தோள்பட்டையைப் பாருங்கள். கைநீளத்தையும் இடுப்பையும் பின்னால் சரிசெய்யலாம். தோள் தவறினால் சரிசெய்வது கடினம். துணி வெட்டித் தைத்தபின் அரைத்தையலில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அவசரத்துக்கு ரெடிமேட்தான் வழி என்றால், கோட்டும் பேண்டும் ஒரே துணியில் செட்டாகவே வாங்கி, நம் ஊர்த் தையற்காரரிடம் கொடுத்துக் கை, கால் நீளத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு மாலைக்காக மணமகனுக்கு விலையுயர்ந்த சூட் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. பந்தலையும் பாத்திரத்தையும் நாற்காலியையும் வாடகைக்கு எடுக்கிறோம். கோட்டை மட்டும் கந்துவட்டிக்குக் கடன் வாங்கித் தைத்தால்தான் கௌரவம் என்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்லியாக வேண்டும். "உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்" என்று நாம் பையில் அச்சடித்துக் கொடுக்கிறோம். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று மாநாடு கூட்டி, பெரிய அங்காடிகளும் ஆன்லைன் வியாபாரமும் சிறு கடைகளை விழுங்குகின்றன என்று தீர்மானம் போடுகிறோம். ஆனால் மகனுக்கு வரவேற்புச் சூட் என்று வந்துவிட்டால் குடும்பத்தோடு காரில் ஏறி நகரத்து மாலுக்குப் போகிறோம், அல்லது கைப்பேசியில் ஆர்டர் போடுகிறோம். பக்கத்து வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரும் நம் சங்க உறுப்பினர்தான். அவருடைய கடைத் திண்ணையில் தையல் மெஷின் போட்டிருப்பவரும் தினசரி நம் கடையில்தான் அரிசி, பருப்பு வாங்குகிறார். அவர் கையில் கூலி இருந்தால்தான் நம் கல்லாவில் காசு விழும். நம் வாடிக்கையாளரிடம் நாம் எதிர்பார்ப்பதை நாமே செய்யாவிட்டால், நம் தீர்மானத்தை யார் மதிப்பார்கள்?

வேட்டி இருக்கிறதே!

கோட்டும் பேண்டும்தான் மாலை உடுப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி அணிந்து சென்றதற்காகச் சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டார். அதன் விளைவாக அதே ஆண்டு ஆகஸ்டில், வேட்டி அணிந்து வருகிறவரைக் கிளப்புகளும் சங்கங்களும் தடுக்கக் கூடாது என்று தமிழக சட்டமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. ஆகவே எந்த ஹாலுக்கும் வேட்டியில் நிமிர்ந்து நடந்து போகலாம்.

ஆனால் அங்கும் பொருத்தம் வேண்டும். புத்தம் புது வெள்ளை வேட்டியும், துவைத்துத் துவைத்து மஞ்சளித்த வெள்ளைச் சட்டையும் அதே அரைப் பொருத்தம்தான். பட்டு வேட்டிக்குப் பட்டுச் சட்டை. பருத்தி வேட்டிக்குப் பருத்திச் சட்டை. இரண்டும் ஒரே வெண்மை. நம் பாட்டனார் காலத்தில் வேட்டிக்கு மேலேயே கோட்டுப் போட்டார்கள். பழைய புகைப்படங்களில் அதைக் காணலாம். கோட்டு கருமை, வேட்டி வெண்மை. இரண்டும் வேறு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதனால்தான் அவர்கள் இன்றைக்கும் படத்தில் கம்பீரமாக நிற்கிறார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

முடிவாக, நம் சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று, ஆண்டு விழா அழைப்பிதழில் "கோட்டு சூட் அல்லது வேட்டி சட்டை" என்று தெளிவாக அச்சிட்டுவிட்டால், எதைப் போடுவது என்ற குழப்பத்தில் உறுப்பினர்கள் தவிக்க வேண்டியிருக்காது. இரண்டு, கோட்டுத் தைக்கத் தெரிந்த உள்ளூர்த் தையற்காரர்களின் பெயர்ப் பட்டியலைச் சங்க டைரியில் சேர்த்து வெளியிட்டால், அவர்களுக்கும் பிழைப்பு; நமக்கும் வசதி.

உறுப்பினர்களுக்கு நாம் சொல்வது, அடுத்த அழைப்பிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே. இந்த வாரமே பீரோவைத் திறந்து, தொங்கும் கோட்டையும் பேண்டையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோடி சேரவில்லையானால் நம் ஊர் ஜவுளிக்கடைக்குப் போய் ஒரே தானில் வெட்டச் சொல்லுங்கள். அடுத்த விநியோகஸ்தர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருங்கள். மைக் வரும்போது எழுந்து நின்று, காலாவதிச் சரக்கின் கணக்கைக் கேளுங்கள்.

வளர்க வணிகர் ஒற்றுமை!